ஊசிக்குத் தீட்டு இல்லை



போதைக்காக ஊசி போட்டுக்கொள்பவரிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் சேவை சென்னையில் இருக்கிறது என்றால், முற்போக்காளர்களே முகம் சுளிக்கிறார்கள். 'இது போதையை வளர்க்காதா?' என்கிறார்கள். அப்படி வளர்த்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2004 ஆய்வறிக்கையே சொல்லிவிட்டது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும். புது ஊசி அதைத் தடுக்கும். ஊசியை விட நினைப்பவருக்கு, நாக்குக்கு அடியில் வைக்கும் பூப்ரெனார்பின் மாத்திரையும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் உண்டு.

இது மேலிருந்து வந்த கருணை அல்ல. 1984-இல் ஆம்ஸ்டர்டாமில் ஹெபடைடிஸ் பி பரவியபோது, போதைப் பழக்கம் உள்ளவர்களே வைத்திருந்த சங்கம்தான் ஊசி மாற்றுச் சேவையைத் தொடங்கவைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகிக் கேட்டுப் பெற்ற உரிமை இது.

இங்கே என்ன சிக்கல்? 1985 போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, போதைப்பொருள் உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. 2017 எச்.ஐ.வி. சட்டத்தின் 22-ஆம் பிரிவோ, அரசு வழிகாட்டுதல்படி நடக்கும் ஊசி மாற்றுச் சேவையில் கொடுப்பவர்மீதும் வாங்குபவர்மீதும் வழக்குப் போட முடியாது என்கிறது. தெருவில் சோதனை போடும் காவலருக்கு முதல் சட்டம்தான் நினைவிருக்கும். வசதியான வீட்டுப் பிள்ளை மறுவாழ்வு மையத்துக்குப் போகிறான்; குடிசைப் பகுதிப் பையன் ஸ்டேஷனுக்குப் போகிறான்.

பையில் ஊசி இருந்தாலே பிடிப்பார்கள் என்று பயப்படுபவர், பழைய ஊசியைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார். குப்பையில் வீசுவார். மறுநாள் காலை அந்தக் குப்பையில் கை வைப்பவர் யார்? பெரும்பாலும் தலித் தூய்மைப் பணியாளர். பல நேரம் கையுறைகூட இல்லாமல். போலீஸ் பயம் கடைசியில் அவர் விரலில் வந்து குத்துகிறது.

சுத்தம் வேறு, தீட்டு வேறு என்பது நமக்குத் தெரியாததல்ல. ஊசி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மருத்துவம். ஊசி போடுபவன் அசுத்தமானவன், அவன் செத்தால் என்ன என்பது தீட்டுப் பார்வை. சாதியில் இதை எதிர்க்கும் நாம், போதைப் பழக்கம் என்றதும் அதே பார்வையைக் கையில் எடுக்கக் கூடாது.

எனவே மூன்றைக் கேட்போம். 22-ஆம் பிரிவைக் காவல் நிலையங்களுக்குக் கற்றுக்கொடுங்கள். தூய்மைப் பணியாளருக்கு ஊசி துளைக்காத கையுறையும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் கொடுங்கள். ஊசி மாற்றும் இடம் எங்கள் தெருவில் வந்தால், விரட்ட வருபவர்களோடு நாங்கள் சேர மாட்டோம். இந்த மூன்றாவதை நாம் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்.