கடனோடு விமானம் ஏற வேண்டாம்

(நர்சிங் முடித்த மாணவியருக்கும் பெற்றோருக்கும் அருப்புக்கோட்டையில் நம் அறக்கட்டளை நடத்திய வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரியவர்களே, தாய்மார்களே, படிப்பை முடித்து வந்திருக்கும் பிள்ளைகளே!

திருச்சுழி, நரிக்குடி பக்கமிருந்து பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். மழை பெய்தால் மல்லியும் மிளகாயும், பெய்யாவிட்டால் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் என்று ஓடும் ஊர்கள் நம்முடையவை. அருப்புக்கோட்டையில் தறியை நம்பி இருப்பவர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து ஒரு பெண்பிள்ளை ஜி.என்.எம். மூன்று வருடமோ, பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருடமோ முடித்து வெளியே வருவது சின்னக் காரியம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இன்னும் சில வீடுகளில், "நம் பிள்ளையை நர்ஸ் வேலைக்கு அனுப்புவதா?" என்ற தயக்கம் இருக்கிறது. அகழ்ப்போரில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துக் கவனிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) சொன்னார்கள் என்பது வரலாறு. அந்தப் பெண்மணி செய்துவந்த வேலை காயங்களுக்கு மருந்திடுவதுதான். இதற்குமேல் அந்தத் தயக்கத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.

விஷயத்துக்கு வருவோம். படிப்பு முடிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எப்போது வெளிநாடு?" என்பது. இரண்டாவது கேள்வி, "ஏஜெண்டுக்கு எவ்வளவு?" என்பது. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

நம் அத்தாமார்கள் காலத்திலிருந்து விசா என்றால் காசு கொடுத்து வாங்கும் பொருள் என்றே பழகிவிட்டோம். நகையை வைத்தோம், காட்டை விற்றோம், சவூதிக்கும் துபாய்க்கும் போனோம். கட்டட வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் அப்படித்தான் நடந்தது. அதுவும் சரியில்லைதான். அதே கணக்கைப் பிள்ளையின் நர்ஸ் வேலைக்கும் போடுகிறோம். அவள் கையில் இருப்பது பதிவு பெற்ற ஒரு தொழில். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் வேண்டும். அவளை உள்ளே விடுவது தேர்வும் சான்றிதழும் மொழியும்தான். ஏஜெண்டிடம் கொட்டும் லட்சங்கள் இந்த மூன்றில் ஒன்றைக்கூட வாங்கித் தராது.

கடன் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். 2014-ல் ஈராக்கின் திக்ரித் நகர ஆஸ்பத்திரியில் நம் நாட்டு நர்ஸ்கள் 46 பேர் போருக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் மலையாளிகள். அங்கிருந்து மொசூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டு, ஜூலை 5-ந் தேதி கொச்சி வந்து சேர்ந்தார்கள். அந்த நாட்களின் செய்திகளை நினைத்துப் பாருங்கள். ஊருக்குத் திரும்பிவரவே சிலர் யோசித்தார்கள் என்று எழுதினார்கள். காரணம், போவதற்கு வாங்கிய கடன் நிற்கிறது, அங்கே சம்பள பாக்கியும் நிற்கிறது. குண்டு விழும் ஊரிலிருந்து கிளம்ப ஒரு பெண்ணை யோசிக்க வைத்தது கடன்.

அடுத்த ஆண்டு, 2015-ல், குவைத்துக்கு நர்ஸ்களை அனுப்பிய கொச்சி ஏஜென்சி ஒன்றின் மீது சி.பி.ஐ. வழக்குப் போட்டது. தலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. கொடுத்தவர்கள் எல்லாம் படித்த பிள்ளைகள், படித்த பெற்றோர்.

இதையெல்லாம் பார்த்துத்தான் அந்த ஆண்டு மத்திய அரசு விதியை இறுக்கியது. சவூதி, குவைத், அமீரகம், கத்தார் உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்கள், எந்த வகை பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், குடிபெயர்வு அனுமதி வாங்கியே போக வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்சி சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம், மொத்தம் 35,400. அதற்கும் ரசீது உண்டு. ஏஜென்சி பதிவு பெற்றதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசுக்கே 1978 முதல் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. நர்ஸ்களுக்கு அவர்கள் அடிக்கடி அறிவிப்பு கொடுக்கிறார்கள். நம் ஊரில் டீக்கடைத் தரகரைத் தெரிந்த அளவுக்கு இதைத் தெரிந்தவர்கள் இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு லட்சம் ரூபாய் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 12,000 வட்டி. வருடத்துக்கு 1,44,000. அசல் அப்படியே நிற்கும். வட்டி நமக்கு ஹராம் என்பது ஒருபுறம். மறுபுறம், இந்தக் கடனைச் சுமந்துகொண்டு போகிற பிள்ளை, சம்பளம் குறைத்துக் கொடுத்தாலும் இரட்டை டூட்டி போட்டாலும் வாய் திறக்க மாட்டாள்.

சரி, பணத்தை எதில் போடுவது? முதலில் காகிதம். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவை உடனே முடியுங்கள். அடுத்து, பெயர். இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். பாத்திமா என்பதை ஆங்கிலத்தில் பத்தாம் வகுப்புச் சான்றில் 'எச்' சேர்த்தும், பாஸ்போர்ட்டில் சேர்க்காமலும் எழுதியிருப்பார்கள். சான்றிதழில் அத்தா பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் இருக்கும். நமக்கு இது ஒரே ஆள். வெளிநாட்டு அலுவலகத்துக்கு இரண்டு ஆள். விண்ணப்பம் போட்ட பிறகு ஓடுவதைவிட, இப்போதே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒத்துப்பாருங்கள்.

பிறகு அனுபவம். வளைகுடாவில் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் கல்லூரியிடமும் ஆஸ்பத்திரியிடமும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும். "அனுபவச் சான்று நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்" என்று சொல்பவர் உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தை முடிக்கிறார். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு கொடுக்கும் ஆஸ்பத்திரியில் வேலை செய்யட்டும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அசல் சான்றிதழ்களை எந்த ஆஸ்பத்திரியிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

இங்கிலாந்து பற்றிப் பலர் கேட்டீர்கள். அங்கே பதிவு பெற ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும், அல்லது ஓ.இ.டி. எழுதலாம். ஆனால் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது முன்பைவிட அங்கே வெகுவாகக் குறைந்திருக்கிறது. நர்ஸ் வேலை என்று சொல்லி முதியோரைப் பராமரிக்கும் 'கேர் ஒர்க்கர்' விசாவை விற்றவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-ந் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இன்றும் யாராவது அதற்கு முன்பணம் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள்.

ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பி-2 நிலை வேண்டும். ஒழுங்காகப் படித்தால் ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். மொழி வராமல் யாரும் அங்கே நர்ஸாக முடியாது. ஒரு தாயார், "அங்கே தலைத்துணி போட விடுவார்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பல ஆஸ்பத்திரிகளில் விடுகிறார்கள். தேவாலய அமைப்புகள் நடத்தும் ஆஸ்பத்திரிகள் பணி நேரத்தில் அதைத் தடுக்கலாம் என்று 2014-ல் அந்நாட்டுத் தொழிலாளர் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இதை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். போய் இறங்கிய பிறகு தெரிவதைவிட இங்கேயே தெரிவது நல்லது.

வெளிநாடு போகாவிட்டால் படிப்பு வீண் என்றும் நினைக்க வேண்டாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் நர்ஸ் தேர்வையும் எழுதிவையுங்கள்.

இனி நம் அறக்கட்டளையின் முடிவு. நர்சிங் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறோம். மொழி வகுப்பு, தேர்வுக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு, பாஸ்போர்ட், கவுன்சில் பதிவு இவற்றுக்குத் தருவோம். பணத்தை வகுப்புக்கும் தேர்வுக்கும் நாமே நேரடியாகக் கட்டுவோம். வேலையில் சேர்ந்து சம்பளம் வந்தபின் தவணையாகத் திருப்பினால் போதும். ஏஜெண்டுக்குக் கொடுக்க ஒரு ரூபாயும் தர மாட்டோம். ஜமாஅத் பெரியவர் சிபாரிசோடு வந்தாலும் தர மாட்டோம். இதில் சிலருக்கு வருத்தம் இருக்கும் என்று தெரியும். இந்தப் பணம் மக்கள் நம்மிடம் கொடுத்த அமானிதம்.

ஒப்பந்தம் கைக்கு வந்தவர்கள் கையெழுத்துக்கு முன் எங்களிடம் கொண்டுவாருங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, விடுமுறை டிக்கெட் யார் பொறுப்பு, இடையில் விலகினால் என்ன பிடிப்பார்கள் என்று உட்கார்ந்து படித்துச் சொல்ல ஆட்களை ஏற்பாடு செய்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். அத்தா மட்டும் வந்தால் போதாது.