இல்லாத பேய் பயமுறுத்துவது எப்படி?

(தென்காசிப் பொதுக்கூட்டத்தில் ஒரு தோழர் பேசியது)



நான் மேடைக்கு வருமுன் ஒரு வாலிபத் தோழர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். "பேய் இல்லை, பிசாசு இல்லை என்று நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். ஆனால் டிராகுலா படம் பார்த்து வந்த அன்று இரவு எனக்குக் கொல்லைப்புறம் போகப் பயமாயிருந்தது. இதற்கு என்ன சமாதானம்?" என்று அதில் கேட்டிருக்கிறார். (சிரிப்பு) இதில் சிரிக்க ஒன்றுமில்லை. யோக்கியமான கேள்வி. பயந்துவிட்டுப் பயப்படவில்லை என்று சொல்லுகிறவனைவிட இவர் எவ்வளவோ மேல். ஆதலால் நான் பேச நினைத்து வந்ததை விட்டுவிட்டு இதற்கே பதில் சொல்ல உத்தேசிக்கிறேன்.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. சிறு வயதில் தென்காசியில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு மேலகரம் வழியாகக் குற்றாலத்திற்கு நடந்து போனேன். மூன்றரை மைல் இருக்கும். சாரல் காலம், செங்கோட்டைக் கணவாய்க் காற்று புளியமரங்களைப் போட்டு ஆட்டுகிறது. ரோட்டோரத்தில் வெள்ளையாய் ஒன்று எழுந்து நின்றது. உயிர் போய்த் திரும்பிற்று. கிட்டே போய்ப் பார்த்தால் பசுமாடு! அந்த மாடு தினமும் அங்கேதான் படுத்திருக்கும். அன்றைக்கு மட்டும் அது பேயானதற்குக் காரணம், நான் கொட்டகையிலிருந்து தலைக்குள் வாங்கிக்கொண்டு வந்த சரக்குதான்.

அந்தச் சரக்கு எங்கே, யாரால் செய்யப்பட்டது என்று பாருங்கள். 1897ல் பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ்காரர் டிராகுலா என்று ஒரு நாவல் எழுதினார். அவர் லண்டனில் ஒரு நாடகக் கொட்டகைக்கு மானேஜராயிருந்தவர். செத்தும் சாகாத ஒரு பிரபு, இரவிலே வந்து இரத்தம் குடிக்கிறான் என்பது கதை. நம்மூர்ப் பாஷையில் இரத்தக் காட்டேரி. 1922ல் மூர்னோ என்ற ஜெர்மன் டைரக்டர் உரிமை வாங்காமலே பெயர்களை மட்டும் மாற்றி, நோஸ்ஃபெராட்டு என்று படமெடுத்துவிட்டார். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கும்படி கோர்ட்டு உத்தரவாயிற்று. தப்பிய சில பிரதிகளால்தான் அந்தப் படம் இன்று நமக்குக் கிடைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. காட்டேரியின்மேல் சூரிய வெளிச்சம் பட்டால் அது அழிந்துபோகும் என்பது ஆதிகாலத்துச் சம்பிரதாயம் என்று இன்று உலகமெங்கும் நினைக்கிறார்கள். நாவலிலே டிராகுலா லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடக்கிறான்! வெயிலில் அழிவதாகக் காட்டியது அந்த 1922ம் வருஷத்துச் சினிமாக்காரர்கள்தான். நூறு வருஷத்துச் சரக்கு அநாதியாகிவிட்டது. அப்படியானால் நம் ஊர் ஸ்தல புராணங்களின் வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. (சிரிப்பு)

நிற்க. அந்த 1922ம் வருஷத்துப் படத்தில் காட்டேரியாக நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக் என்ற நாடக நடிகர். ஷ்ரெக் என்றால் ஜெர்மன் பாஷையில் திகில் என்று அர்த்தம். அதுவே அவருடைய சொந்தப் பெயர். இந்த ஆள் நிஜக் காட்டேரியோ என்ற கற்பனையை வைத்து 2000ல் தனியாக ஒரு படமே வந்தது. ஆனால் அவர் செய்வதைக் கவனியுங்கள். பாயவில்லை, கத்தவில்லை, கண்ணை உருட்டவில்லை. கட்டைபோல் விறைத்து மெள்ள நடந்து வருகிறார். பயத்தின் உச்சத்தில் ஆளே இல்லை. மாடிப்படிச் சுவரில் அவருடைய நிழல் மட்டும் ஏறிப்போகிறது, விரல் நீண்டு கதவை நாடுகிறது, அவ்வளவுதான். மீதியை யார் நடிக்கிறார்கள்? டிக்கட் வாங்கி உட்கார்ந்திருக்கிற நாம்தான் நடிக்கிறோம். நமக்கு எது மிகவும் பயமோ அதை நாமே அந்த நிழலில் வைத்துக்கொள்கிறோம்.

1931ல் அமெரிக்காவில் பேசும்படமாக வந்த டிராகுலாவில் பேலா லுகோசி நடித்தார். ஹங்கேரிக்காரர், அந்த நாட்டில் நடிகர்களுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டு, 1919ல் அரசாங்கம் கவிழ்ந்ததும் ஊரைவிட்டு ஓட நேர்ந்தவர். (கைதட்டல்) அந்தப் படத்தில் அவர் கோரைப் பல்லைக் காட்டுவதே இல்லை! கழுத்தில் பல் பதிவதையும் காட்டுவதில்லை. பின்னணிச் சங்கீதம் அநேகமாய்க் கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளிவிட்டு, அந்நிய உச்சரிப்பில் மரியாதையாகப் பேசுகிறார். முகம் இருட்டில் இருக்க, கண்ணில் மட்டும் இரண்டு கீற்று வெளிச்சம் விழும்படி விளக்கு வைத்திருக்கிறார்கள்.

இது வித்தைதான் என்பதற்கு ருசு வேண்டுமா? அதே செட்டில், அதே கதையை, இரவு வேளையில் வேறு நடிகர்களைக் கொண்டு ஸ்பானிஷ் பாஷையில் எடுத்தார்கள். காமிரா வேலை அதில்தான் உயர்வு என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால் அதில் நடித்த வில்லாரியாஸ் கண்ணை விரித்துப் பல்லைக் காட்டி இளிக்கிறார். நமக்கோ சிரிப்பு வருகிறது. காட்டேரி ஒன்றுதான், மாளிகையும் ஒன்றுதான். பயம் மட்டும் ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

1958ல் கிறிஸ்டபர் லீ வர்ணப்படத்தில் இரத்தச் சிவப்புக் கண்ணும் பல்லுமாக வந்தார். அவரும் ஆரம்பத்தில் வந்த விருந்தாளியிடம் நாலு வார்த்தை பேசுவதோடு சரி. அப்புறம் வாயே திறப்பதில்லை. 1966ல் வந்த படத்திலோ ஒரு வார்த்தைகூட இல்லை. பேசுகிறவனிடம் நியாயம் கேட்கலாம், கெஞ்சலாம். பேசாதவனிடம் என்ன செய்வது?

இனி நம் ஊருக்கு வருவோம். சுடலைமாடன் கொடையில் இதே வேலைகள் அத்தனையும் நடக்கின்றன. மகுடம் காது செவிடாக அடித்துத் திடீரென்று நிற்கும். அந்த நிசப்தத்தில்தான் வயிற்றைக் கலக்கும். நடுச்சாமத்தில் சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். யாரும் எதிரே வரக்கூடாது என்று ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு சலங்கைச் சத்தத்தை மட்டும் கேட்டுக் கிடப்பார்கள். ஷ்ரெக்கின் நிழலும் இதுவும் ஒன்றே. வித்தியாசம் ஒன்று உண்டு. சினிமாவில் இரத்தம் சாயம். கொடையிலே கணியான் தன் கையைக் கீறிக்கொண்டு மாடனுக்குச் சொட்டவிடுவது நிஜ இரத்தம். அதை ஏழைக் கூத்தாடியின் கையிலிருந்துதான் கேட்கிறதே தவிர, கொடை நடத்துகிற பெரிய மனிதரிடம் எந்த மாடனும் கேட்டதில்லை.

மந்திரவாதியைப் பாருங்கள். இருட்டறை, சாம்பிராணிப் புகை, முகத்துக்குக் கீழே விளக்கு, உடுக்கை, நிதானமான குரலில் "யார் நீ?" என்ற கேள்வி. லுகோசிக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. ஆனால் லுகோசியின் கொட்டகையில் ஒன்றேகால் மணி நேரத்தில் விளக்குப் போட்டுவிடுவார்கள். நடிகர் பெயரும் திரையில் இருக்கிறது. மந்திரவாதி விளக்குப் போடுவதில்லை. அவன் எதிரில் தலையை விரித்துப் போட்டு உட்கார்த்தப்பட்டிருப்பது வலிப்பு வருகிற பெண்ணாயிருக்கும். அல்லது மாமியார் வீட்டில் பேச வழியில்லாமல் பேயின் வாயால் பேசுகிற பெண்ணாயிருக்கும். பிரம்படி யாருக்கு விழுகிறது?

2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது? மனநோயாளிகளைத் தர்காவின் மகிமையால் குணமாகும் என்று கொண்டுவந்து ஒரு கொட்டகையில் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். எந்தச் சினிமாக் காட்டேரியும் ஒரே நாளில் இத்தனை பேரைக் கொன்றதில்லை. கோவிலானாலும் தர்காவானாலும் சங்கிலி ஒன்றுதான். எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017ம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லுகிறது. பித்தம் தெளியும் என்று இங்கே நம் குற்றாலத்து அருவியடியில் தலையைப் பிடித்து நிறுத்துகிறார்களே, அவர்களுக்கு அந்தச் சட்டத்தை வாசித்துக் காட்டுகிற வேலையை இந்த ஊர் வாலிபர்கள் சீசனுக்குள் எடுத்துக்கொள்ளலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

ஆகவே தோழரே, படம் பார்த்துப் பயந்ததில் வெட்கமில்லை. இரண்டாம் தரம் பாருங்கள். விளக்கு எங்கே வைத்திருக்கிறான், சத்தத்தை எங்கே நிறுத்துகிறான் என்று கவனித்துப் பாருங்கள். அப்புறம் ஒரு கொடைக்கும் போய் அதே கண்ணோடு பாருங்கள். அன்று இரவு கொல்லைப்புறம் போனீர்களா இல்லையா என்று மட்டும் சீட்டில் எழுதவில்லை. கூட்டம் முடிந்ததும் அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். (பெருஞ்சிரிப்பு)