அருகில் நிற்கச் சொல்லும் கண்



ஒளிப்படக் கலையில் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 47 பாகை அகலம் காண்கிறது, 28 மி.மீ. லென்ஸ் 75 பாகை, 20 மி.மீ. 94 பாகை. 1969இல் சைஸ் நிறுவனத்தார் கொணர்ந்த 15 மி.மீ. ஹோலோகான் 110 பாகையை எட்டியது. இன்று பல கைப்பேசிகளில் ஏறக்குறைய 120 பாகை காணும் கண் இருக்கிறது. கணக்கை இதோடு விடுகிறேன்.

தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று வகுத்தார். தொலைவிலிருந்து ஒரு முகத்தை மட்டும் பறித்துவரும் நீண்ட லென்ஸ் உரிப்பொருளோடு நின்றுவிடுகிறது. அகன்ற லென்சோ நிலத்தையும் பொழுதையும் உடன் அழைத்து வருகிறது. தெருவைப் படமெடுப்போர் அதை விரும்புவது இதனால்தான்.

ஆனால் அதற்கொரு விலை உண்டு. என் மாணவி ஒருத்தி கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில், ஷிப்டு முடியும் வேளையில் எடுத்த படத்தில், நடுவே தேநீர்க்கடை, பின்னே புகைபோக்கி. ஓரத்தில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர். அவர் தலை பூசணிபோல் அகன்றிருந்தது. வகுப்பே சிரித்தது. விரிந்த காட்சியை நேர்கோடு வளையாமல் தட்டைச் சட்டத்தில் பரப்பினால் ஓரங்கள் இழுபடும். சுவர் அதைத் தாங்கும், முகம் தாங்காது. அவரை நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் மூன்றடிக்குள் செல்ல வேண்டும். சென்றால் அவர் நம்மைப் பார்ப்பார், எதற்கு என்று கேட்பார். மறுவாரம் அவள் சென்றாள். அரைகுறை இந்தியில் பேசினாள். அவர் தலைவாரிக்கொண்டு நின்றார். புகைபோக்கி அவர் தோளளவு சிறுத்துவிட்டது!

வில்லியம் கிளைன் 1950களின் நடுவில் நியூயார்க் தெருக்களில் அகன்ற லென்சோடு இப்படித்தான் கூட்டத்துக்குள் புகுந்தார். 1956இல் வந்த அவர் நூலில் மக்கள் அவரையே நேராகப் பார்க்கிறார்கள். அவர் ஒளிந்து எடுக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது, முரட்டுத்தனம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

கவிஞர்களே, தொழிற்பேட்டையைப் பாடும் நம் கவிதைகளில் புகைபோக்கி எங்கே நிற்கிறது, தொழிலாளி எங்கே நிற்கிறார்? ‘உழைக்கும் கரங்கள்’ என்று எழுதுகிறோம். அந்தக் கரத்துக்குரியவரின் ஊர்ப்பெயரைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? ஓரத்தில் நிறுத்தி உவமையால் இழுத்து நீட்டுவதும் கேலிதான், இரக்கம் போலத் தோன்றினாலும்.

வரும் தை அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவர் கோயில் தெருவில் மாணவியரோடு நடக்க எண்ணியிருக்கிறேன். விரும்பும் அன்பர்கள் உடன் வரலாம், கைப்பேசியே போதும்.