சர்க்கார் பாங்கியும் அந்நியப் போட்டியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதோ புராணத்தைப் பற்றியதோ அல்ல, பாங்கியைப் பற்றியது. இதிலும் மூட நம்பிக்கை புகுந்திருப்பதாலேயே பேச வந்தேன். "சர்க்கார் பாங்கி முழுகாது, ஆகையால் கணக்குக் கேட்க வேண்டியதில்லை" என்பது ஒரு நம்பிக்கை. "அந்நியன் வந்து கடை திறந்தால் எல்லாம் சீர்பட்டுவிடும்" என்பது மற்றொன்று. சீன தேசத்தில் நடந்ததைக் கொண்டு இரண்டையும் பரீட்சித்துப் பார்ப்போம்.

அங்கே நான்கு பெரிய பாங்கிகள்; நான்கும் சர்க்காருடையவை. ஜனங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அவற்றில் இருந்தது. அதை யாருக்குக் கடன் கொடுத்தார்கள்? பெரும்பாலும் சர்க்கார் தொழிற்சாலைகளுக்கு. நஷ்டத்தில் நடந்தாலும் மேலிடத்து உத்தரவுப்படி கொடுத்தார்கள். கடன் வாங்கியவனும் சர்க்கார், கொடுத்தவனும் சர்க்கார். பிறகு யார் யாரைக் கேட்பது?

அந்தத் தொழிற்சாலைகள் தொழிலாளிக்குச் சோறும் வீடும் வைத்தியமும் கொடுத்தன. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் உதவி செய்வதானால் பொக்கிஷத்திலிருந்து பகிரங்கமாகச் செய்வதுதானே நாணயம்? உதவிக்குக் கடன் என்று பெயரிட்டு, அடுத்தவன் வைப்புப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

முடிவு என்ன ஆயிற்று? 1998-ல் 27,000 கோடி யுவானுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, அந்த நான்கு பாங்கிகளுக்கும் மூலதனம் ஊட்டினார்கள். 1999-ல் நான்கு கம்பெனிகளை ஏற்படுத்தி, 1.4 லட்சம் கோடி யுவான் வராக் கடனை அவற்றின் தலையில் கட்டினார்கள். அதுவும் போதவில்லை. 2001 டிசம்பர் 11-ல் உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தபோது, ஐந்து வருஷத்தில் அந்நிய பாங்கிகளுக்குக் கதவைத் திறப்பதாக ஒப்புக்கொண்டார்கள். கெடு வந்துவிட்டதல்லவா? 2003-ல் இரண்டு பாங்கிகளுக்கு 4,500 கோடி டாலரும், 2005-ல் மற்றொன்றுக்கு 1,500 கோடி டாலரும் கொட்டினார்கள். அந்நியருக்குப் பங்கு விற்றார்கள். ஹாங்காங் சந்தையில் பங்குகளைப் பதிவு செய்து, கணக்கை வெளியே காட்டினார்கள்.

கதவு 2006 டிசம்பரில் திறந்தது. அந்நியன் வந்து பாங்கிகளை விழுங்கிவிட்டானா? பத்து வருஷம் சென்றும் சீன பாங்கித் தொழிலில் அவன் பங்கு நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. பாங்கி நடத்தும் வித்தையைக் கற்பிக்க வந்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பலர், பங்கின் விலை ஏறியதும் விற்று லாபத்தோடு நடையைக் கட்டினார்கள். ஆகவே பயமும் வீண், நம்பிக்கையும் வீண். கொஞ்சம் பயன் தந்தது எது என்றால், கெடு வைத்ததும் கணக்கைக் காட்ட நேர்ந்ததுமே ஆகும்.

இந்தச் செலவில் பெரும் பாகத்தைச் சுமந்தது யார்? வைப்பு வைத்த ஏழைதான். வைப்புக்கு இவ்வளவுக்கு மேல் வட்டி கொடுக்கக் கூடாதென்று சர்க்கார் வைத்த உச்சவரம்பு 2015 அக்டோபர் வரை இருந்தது. சில வருஷங்களில் வட்டியைவிட விலைவாசி அதிகமாக ஏறிற்று. பாங்கிக்கு லாபம், அவன் சேமிப்போ தேய்ந்தது.

வராக் கடனைச் சுமக்க ஏற்படுத்திய கம்பெனிகளில் ஒன்று ஹுவாரோங். அதன் தலைவராயிருந்த லாய் சியோமின் சுமார் 179 கோடி யுவான் லஞ்சம் வாங்கியதற்காக 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அக்கம்பெனிக்கு 2020-ம் வருஷத்தில் மட்டும் நஷ்டம் 10,000 கோடி யுவானுக்கு மேல். ஆளைக் கொன்றால் கணக்கு நேராகிவிடுமா? குப்பையை ஒரு அறையிலிருந்து மற்றொரு அறைக்குத் தள்ளினால் வீடு சுத்தமாகிவிடுமா?

இது சீனாக்காரன் சங்கதி என்று சிரிக்காதீர்கள். நம் தேசத்திலும் 2017 அக்டோபரில் சர்க்கார் பாங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் ஊட்டுவதாக அறிவித்தார்கள். அந்தப் பணம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை.

பாங்கி சர்க்காரிடம் இருக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உதவி வேறு, கடன் வேறு என்று பிரித்து வைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு திரும்பவில்லை என்று வருஷந்தோறும் ஊரறியச் சொல்ல வேண்டும். கோவில் உண்டியலுக்குக் கணக்குக் கேட்கத் துணிந்த நாம், பாங்கிக்குக் கேட்க ஏன் கூச வேண்டும்? நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.