மண்ணுக்கு முகம் கொடுத்தவர்

ஆண்டாப் ஹில்லுக்குப் பக்கத்தில்தான் தாராவி. அங்கே 90 அடி சாலையில் கும்பார்வாடா இருக்கிறது. குயவர்கள் வாழும் இடம். அவர்களுடைய முன்னோர்கள் குஜராத்தில் இருந்து வந்தவர்கள். தீபாவளி வந்தால் அகல் விளக்கு வாங்க ஜனங்கள் அங்கே போவார்கள். விலையைக் கேட்டதும், "வெறும் மண்தானே, குறைத்துக் கொடு" என்பார்கள்.

மண் என்றால் மதிப்பு இல்லையா? ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் ஹிம்மத் ஷா. இந்தியில் ஹிம்மத் என்றால் துணிவு. 1933-ஆம் ஆண்டு குஜராத்தில் லோத்தல் என்ற ஊரில் பிறந்தார்.

லோத்தல் சாதாரண ஊர் அல்ல. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு பெரிய நகரம் இருந்தது. அது மண்மேடாகிப் போனது. 1955-ஆம் ஆண்டு முதல் அந்த மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே பானைகள் கிடைத்தன. சுட்ட மண்ணில் செய்த பொம்மைகளும் கிடைத்தன. அவற்றைச் செய்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் கைவேலை மட்டும் நிலைத்து நிற்கிறது.

ஹிம்மத் ஷா மும்பைக்கு வந்து ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தார். பிறகு பரோடாவில் படித்தார். 1966-ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று பாரிஸ் நகரம் வரை போனார். அகமதாபாத்தில் ஒரு பள்ளிச் சுவரில் செங்கல், சிமெண்ட், மணல் கொண்டு பெரிய சிற்பங்கள் அமைத்தார்.

அதன் பின் டில்லியில் கலைஞர்கள் வேலை செய்யும் கடி என்ற இடத்தில் பல ஆண்டுகள் உழைத்தார். அங்கே அவர் கையில் எடுத்தது களிமண். அவர் செய்தது தலைகள். மனிதத் தலைகள்!

அந்தத் தலைகள் ராஜாவுடையவை அல்ல. தலைவர்களுடையவையும் அல்ல. சிலவற்றில் கண் சரியாகத் தெரியாது. வாய் ஒரு கோடாக இருக்கும். மேலே கீறல் இருக்கும், பள்ளம் இருக்கும். வெயிலிலும் மழையிலும் உழைத்த முகம் போல இருக்கும். சில தலைகளின் மேல் வெள்ளித் தகடும் தங்கத் தகடும் ஒட்டினார். ஆனால் உள்ளே இருப்பது மண்தான்.

சுடுமண் வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். மண்ணில் கல் இருக்கக் கூடாது. நன்றாக மிதித்துப் பிசைய வேண்டும். பெரிய உருவம் என்றால் உள்ளே கூடாக விட வேண்டும். நிழலில் மெல்லக் காய வைக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் ஆவி கிளம்பும். உருவம் வெடித்துவிடும். பல நாள் வேலை ஒரு நொடியில் போய்விடும். ஆனால் சரியாக வெந்துவிட்டால் அந்த மண் மறுபடி தண்ணீரில் கரையாது. லோத்தல் பொம்மைகள் நிலைத்தது அப்படித்தான்.

நம் ஊர்ப் பக்கம் ஐயனார் கோவிலில் மண் குதிரை பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யும் வேளாருக்கும் இதே வேலைதான், இதே கவலைதான்.

ஹிம்மத் ஷாவுக்குப் பணமும் புகழும் சீக்கிரம் வந்துவிடவில்லை. அதற்காக அவர் வேலையை நிறுத்தவும் இல்லை. பிறகு ஜெய்ப்பூரில் குடியேறினார். 2016-ஆம் ஆண்டு டில்லியில் அவருடைய வாழ்நாள் வேலைகளை ஒன்றாக வைத்துப் பெரிய கண்காட்சி நடந்தது. அப்போது அவருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெய்ப்பூரில் காலமானார். வயது 91.

கண்காட்சியில் அந்தத் தலைகளை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். யாரும் "வெறும் மண்தானே" என்று சொல்லவில்லை. அந்த மண்ணும் கும்பார்வாடா மண்ணும் வேறு வேறு ஜாதியா? இரண்டும் களிமண்தான். இரண்டிலும் கை வேண்டும், பொறுமை வேண்டும், நெருப்பு வேண்டும்.

எழுதத் தெரியாதவர்களைக் 'கைநாட்டு' என்று கேலி செய்வார்கள். கேலி செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அடுத்த தீபாவளிக்கு அகல் வாங்கும்போது அதைத் திருப்பிப் பாருங்கள். அடியில் குயவரின் விரல் தடம் பதிந்திருக்கலாம். அது அவர் மண்ணில் போட்ட கையெழுத்து. அதைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.