முன்சென்றோரின் அடிச்சுவடுகள்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே! தக்வாவைக் கொண்டு உங்களுக்கும் எனக்கும் வஸிய்யத் செய்தவனாக இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயத்தின் பெயர் ‘அர்ரூம்’. ரோமர்கள் என்பது அதன் பொருள். பாரசீகரிடம் தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளில் மீண்டும் வெல்வார்கள் என்று அது முன்னறிவித்தது, அவ்வாறே நடந்தது. அதே அத்தியாயத்தின் 9ஆம் வசனம், பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு நம் சிந்தனையைத் தூண்டுகிறது. வலிமையிலும் கட்டுமானத்திலும் அவர்கள் மிகைத்திருந்ததை நினைவூட்டுகிறது.

அந்த ரோமர்களின் தடயத்தைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் வாழும் குடும்பத்தார் காலையில் காரில் புறப்பட்டால், இரவுக்குள் வீடு திரும்பும் தொலைவிலேயே அது இருக்கிறது.

பாறையில் ஒரு பாடம்

செஞ்சிச் சாலையில் உள்ள மண்டகப்பட்டில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து ஒரு கோயிலை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி அதனை ஆக்கியதாக அவனது வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கிய 610ஆம் ஆண்டை ஒட்டியது அவன் காலம். அழியாத பொருளைத் தேடிக் கல்லைத் தேர்ந்தான். கல் இருக்கிறது, அரசும் இல்லை, அரியணையும் இல்லை.

அங்கே செல்வோர் கேலியோ ஏளனமோ பேசலாகாது. பிறர் வணங்குபவற்றை ஏசுவதை 6ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம் தடுத்திருக்கிறது. அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்துவது படிப்பினை ஆகாது.

ஆற்றங்கரையில் ஒரு பண்டகசாலை

அங்கிருந்து புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டுக்குச் செல்லுங்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள செங்கல் பண்டகசாலை வெளிப்பட்டது. மதுவும் எண்ணெயும் வந்த ரோமானியச் சாடிகளின் உடைசல்கள், இத்தாலியச் சிவப்புப் பாண்டங்களின் துண்டுகள், மணிகள் ஆகியவை கிடைத்தன. தமிழ் எழுத்தில் பெயர் கீறிய ஓடுகளும் அவற்றுள் உண்டு.

இன்று அங்கே நிற்கும் உயர்ந்த செங்கற் சுவர்களைக் கண்டு, இவையே ரோமானியர் கட்டியவை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவச் சமயப் பணியாளர்களின் கட்டட எச்சங்கள். ரோமாபுரியோடு வணிகம் செய்த துறைமுகமோ மண்ணுக்கடியில் உறங்குகிறது. ஓட்டில் பெயரைக் கீறியவர் தம் சரக்கு மாறிவிடக் கூடாது என்று எவ்வளவு கவலைப்பட்டிருப்பார்! பெயர் எஞ்சியது, சரக்கும் இல்லை, உரியவரும் இல்லை.

எவ்வாறு பார்க்க வேண்டும்?

ஹிஜ்ரி 9இல், ரோமர்களை எதிர்கொள்ளத் தபூக் நோக்கிச் சென்ற நபி (ஸல்) அவர்கள், ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியைக் கடந்தார்கள். அழுதவர்களாகவே தவிர அங்கே நுழைய வேண்டாம் எனத் தோழர்களைத் தடுத்தார்கள். தாமும் விரைந்து கடந்தார்கள். வேதனை இறங்கிய இடம் அது.

அரிக்கமேட்டு மக்கள் மீது வேதனை இறங்கியதாக நமக்குச் செய்தி இல்லை. அவ்வாறு சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால், நிலையாமையை உணரும் உள்ளம் எல்லாச் சிதைவுகளின் முன்னும் தேவை. பிள்ளைகளைப் படம் எடுத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று திரும்பினால் பெட்ரோல் செலவானதுதான் மிச்சம்.

சுவரில் பெயரைக் கீறாதீர்கள். மண்ணில் கிடக்கும் மணியையோ ஓட்டையோ எடுத்து வராதீர்கள். அது பொதுச் சொத்து. தொழுகையைத் தவறவிடாதீர்கள். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின்படி இது கஸ்ருக்குரிய தூரமன்று. ளுஹரையும் அஸரையும் உரிய நேரத்தில் முழுமையாகத் தொழ வேண்டும்.

நமது பண்டகசாலை

வணிகப் பெருமக்களே! சாடி உடைந்தது, ஆனால் அதில் அளந்த அளவு அல்லாஹ்விடம் பதிவாகியிருக்கிறது. நம் கடையின் தராசும் அப்படித்தான். அண்டை வீட்டாரைவிட ஒரு மாடி கூடுதலாக எழுப்ப வட்டிக்குக் கடன் வாங்கும் சகோதரரே! 45 மீட்டர் பண்டகசாலையை மூடிய மண், நம் மூன்று மாடியை மூடத் தயங்குமா?

மனிதன் மரணித்த பின்பும் தொடரும் மூன்றை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. காரின் பின்னிருக்கையில் உங்களோடு வரும் பிள்ளை அம்மூன்றில் ஒன்று. திரும்பி வரும் வழியில் இதை அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பார்ப்பவற்றில் படிப்பினை பெறும் கண்களையும், அழியாத நன்மையைச் சேர்க்கும் கரங்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.