மலபார்கள் வாழும் தீவில் ஓர் அருவி



கட்டுச்சோற்றுடன் அதிரப்பள்ளிக்குச் சென்று வரும் நமக்கு அருவி புதிதன்று. ஆயினும் மடகாஸ்கருக்குக் கிழக்கே, ரெயூனியன் தீவில் எங்கள் குழுவினர் கண்ட அருவி வேறு இனத்தது. அங்கே பாறையே நில வரலாற்றுக் கணக்கில் நேற்றுப் பிறந்தது. தீக்குழம்பு அடுக்கடுக்காக உறைந்து எழுந்த மலையை மழை அறுத்துப் பாதாளமாக்கியிருக்கிறது. அம்மழையின் வன்மை கொச்சிக்காரர்களாகிய நம்மையும் திகைக்க வைக்கும். நம் ஊரில் ஓராண்டு முழுதும் பெய்வது ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். அத்தீவின் கொமெர்சோன் என்னுமிடத்தில் 2007 பிப்ரவரியில் மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர் கொட்டிற்று! அத்தீவை ஈன்ற நெருப்பூற்றே, ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்துக் கருங்கல் மேட்டையும், பின்னர் நம் துறைமுகத்திலிருந்து கப்பல் செல்லும் இலட்சத்தீவின் அடித்தளத்தையும் படைத்தது என்பர் நிலநூலார்.

எல்பூர் என்னும் சிற்றூரிலிருந்து விடியற்காலையில் ஏறத் தொடங்கினோம். ஊர்ப்புறத்துப் பந்தல்களில் காய்த்துத் தொங்கியது நாம் கூட்டு வைக்கும் சௌசௌவேதான். அங்கும் அதன் பெயர் சூசூ! ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பெலூவ் காடு. அங்குள்ள மரங்களைத் 'தமரின்' என்கின்றனர். புளியமரமென்று எண்ணவேண்டா, வேலமரத்தின் இனம் அது. சேற்றில் கால் புதைய ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடந்து பள்ளத்தின் விளிம்பை அடைந்தோம். அதன் பெயர் துரூ த ஃபேர், அதாவது இரும்புக் குழி. 300 மீட்டருக்குக் குறையாத செங்குத்துச் சுவர்கள்; பல வாயில்களினின்று நீர் வீழ்ந்து அடியில் ஒன்றாகி, இடுக்கு வழியே மறைகின்றது. அடியில் இறங்குவது கயிற்றில் தொங்கிப் பழகியவர்க்கே கூடும். கால்மணி நேரத்தில் முகில் எழுந்து அனைத்தையும் மூடிற்று. முற்பகலிலேயே மூடுவது அவ்விடத்து இயல்பாம்.

இறங்கும்போது எங்கள் வழிகாட்டி தம்மை 'மலபார்' என்றார். மலபார்க் கரையிலிருந்து சென்ற எங்களுக்கு வியப்பு. விசாரித்தால், அவர் தமிழ் வழியினர்! 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்காகப் புதுச்சேரி, காரைக்கால் வழியே கப்பலேற்றப்பட்டோரின் மரபு. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே எழுதினர். காவடியும் தீமிதியும் அங்கு இன்றும் உண்டு. தமிழில் பேசினோம், அவருக்கு விளங்கவில்லை. தம் பாட்டனார் பெயரைத் தமிழெழுத்தில் எழுதித் தருமாறு மட்டும் கேட்டார். எங்களுடன் வந்த ஒன்பது வயதுச் சிறுமி எழுதிக் கொடுத்தாள்.

அன்று எடுத்த படங்கள் சங்க நூலகத்தில் உள்ளன, விரும்புவோர் காணலாம்.